கோழித் தசையும் இருபத்தேழு எண்களும்

பேராசிரியர் வைகுந்தராஜன் தசை ஆராய்ச்சி செய்கிறார் என்றால், கோழித் தசையைத் தொடுவது உதவியாளர் இசக்கியம்மாள் என்று பொருள். கவிச்சி ஆகாதென்று அவர் கண்ணாடி அறைக்குள் கணினியோடு இருப்பார். இவள் தசையைக் கருவியில் மாட்டி இழுப்பாள். இழுவிசை கணினியில் புள்ளிகளாக விழும். அவருடைய கணித மாதிரி, தசையின் குணம் சொல்லும் இருபத்தேழு எண்களைத் திருகித் திருகித் தன் கோட்டைப் புள்ளிகள்மேல் பொருத்தும்.

ஒரே தசையை இரண்டு தடவை இழுத்ததில், முதலில் ஒரு இருபத்தேழு வந்தது. அடுத்து வேறு இருபத்தேழு.

"நீ மாட்டுற லட்சணம் அப்படி! இன்னைக்கு நம்ம ஆராய்ச்சியைச் சோதிக்க ஆய்வுக்குழு வருது. கோடு சரியா உக்காரலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே," என்றார்.

குழு வந்து கண்ணாடி அறைக்குள் கணினி முன் உட்கார்ந்தது. இசக்கியம்மாள் மாட்டினாள், இழுத்தாள். கோடு அச்சாகப் படிந்தது.

"பாருங்க! இளம் தசை, கொழுப்பே கிடையாது. நல்லா ஓடியாடின கோழி!" என்று பூரித்தார் பேராசிரியர்.

"ஓடினது வாஸ்தவம் சார். வாட்ச்மேன் அண்ணாச்சி சைக்கிள்ல எட்டு வருஷம் ஓடின டியூப்பு அது."

குழுத் தலைவி போய்ப் பார்த்தார். கறுப்பு ரப்பர்.

"ஏம்மா இப்படிச் செஞ்சே?"

"இருபத்தேழையும் இஷ்டத்துக்குத் திருகினா எதுமேலயும் உக்காந்துக்கும் மேடம். நீளம், தடிமன், எடையெல்லாம் நானே அளந்து தர்றேன்னு மூணு வருஷமா சொல்றேன். அளக்க முடிஞ்சதை எதுக்கு ஊகிக்கணும்?"

தலைவி அறிக்கையில் எழுதினார்: 'இசக்கியம்மாள் பணியில் தொடரலாம். அளக்கக்கூடியவற்றை அளக்க வேண்டும். அளக்கும்போது பேராசிரியர் கோழியின் பக்கத்தில் நிற்க வேண்டும்.'