வேட்பாளரின் செருப்பு

ஜனாதிபதித் தேர்தல் நெருங்கியிருந்த நேரம். தொலைக்காட்சி நிருபர் புவனேந்திரன் ஒரு காலையில் மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்த ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். கும்பிடக்கூட மறந்தவராய், இனி அந்த வேலைக்குப் போகப்போவதில்லை, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றார்.

அவருடைய குருவான அம்மையார் வயதில் அவரைவிட இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார்.

புவனேந்திரன் கொட்டித் தீர்த்தார். முதல் நாள் பக்கத்துக் கிராமத்தில் வேட்பாளர் ஒருவரின் கூட்டம். கிணறெல்லாம் உப்பாகிப்போன ஊர். அந்த மனிதர் வேறெதையும் தொடாமல் ஒரு மணி நேரம் குடிநீரைப் பற்றியே பேசினார். மேடையை விட்டு இறங்கும்போது செருப்பு அறுந்து தடுமாறினார். அவ்வளவுதான், இரவுச் செய்தி முழுக்க அந்தச் செருப்பு. ஒரு சேனல் அவர் தடுமாறியதை மெதுவாக ஓட்டிக் காட்டியது. இன்னொன்று சோதிடரைக் கூப்பிட்டுச் சகுனம் கேட்டது. புவனேந்திரனின் சேனல் செருப்பின் விலையை விசாரித்தது. மிச்ச நேரமெல்லாம் எதிர் வேட்பாளர் ஆடிய பைலா நடனத்துக்குப் போனது.

செய்தி ஆசிரியரோடு சண்டை பிடித்தும் பார்த்தாராம். சனம் அதைத்தான் பார்க்கிறது என்று அவர் கையை விரித்துவிட்டார்.

"ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே கூத்துத்தான் அம்மா. அலுத்துப்போச்சு. ஒருத்தருக்கும் அந்த மனுசன் பேசினது வேணாம்."

அம்மையார் கீரைத்தண்டை ஒடித்தார்.

அந்த உப்புக்கிணற்று ஊரைச் சேர்ந்த யோகம்மா ஆசிரமக் கிணற்றில் தண்ணீர் அள்ள வந்திருந்தாள். பேச்சு காதில் விழ, குடத்தை இறக்கி வைத்துவிட்டு அருகே வந்தாள்.

"நேத்து எனக்கு மில்லில வேலை. கூட்டத்துக்குப் போக ஏலாமப் போச்சு. எங்கட கிணறுகளுக்கு என்ன செய்யிறதாச் சொன்னவரு, ஐயா?"

"நல்ல தண்ணி தாறதாச் சொன்னவர்."

"எங்கயிருந்து?"

எங்கிருந்து என்று புவனேந்திரனுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு மணி நேரமும் அவர் மேடைக்கு முன்னால்தான் நின்றிருந்தார். ஆனால் மற்ற நிருபர்கள் கமெராவை அணைத்துவிட்டுப் போன் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு கொதித்துக்கொண்டிருந்தார். கொட்டாவி விட்ட தன் கமெராக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

யோகம்மா பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அம்மையார் கீரைத்தட்டைத் தள்ளிவைத்தார். அவர் முகத்திலும் இப்போது எரிச்சல் தெரிந்தது.

"நாளைக்கு அந்த வேட்பாளர் வாழைச்சேனையில பேசுறாராம். போயிட்டு வாங்க."

"கமெரா தரமாட்டாங்க, அம்மா."

"காதையும் அவங்கதான் தரவேணுமா?"