வடக்கு எங்கே

ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. இன்றும் எங்காவது சுவரில் உலகப்படம் தொங்குவதைக் கண்டால் தேவசகாயத்துக்கு ரஹ்மத் டீச்சர் ஞாபகம் வந்துவிடும்.

அப்போது தேவசகாயத்துக்கு இருபத்தாறு வயது. தென்காசிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பூகோள ஆசிரியராக முதல் வேலை. பூகோளத்தையே கரைத்துக் குடித்தவர் போல நடப்பார். ரஹ்மத் டீச்சர் இருபது வருஷமாக அங்கே பூகோளம் எடுத்தவர். அதிகம் பேசமாட்டார்.

ஒரு நாள் தேவசகாயம் சிரித்துக்கொண்டே அவரிடம் வந்தார்.

"ஒன்பதாம் வகுப்புல செண்பகவடிவு போன வாரம் என்ன எழுதினா தெரியுமா டீச்சர்? நைல் நதி கடல்ல பிறந்து ஏரியில போய் விழுதாம்."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். படத்துல கடல் மேல இருக்கு, தண்ணி எப்படி சார் மேல ஏறும்னா. வகுப்பே சிரிச்சுது. எனக்கும் அடக்க முடியல."

"பிறகு?"

"வடக்கு நோக்கிப் பாயுதுன்னு பத்து தடவை எழுத வச்சேன். எழுதிட்டா."

"இப்ப கேள்வி கேக்காளா?"

தேவசகாயம் யோசித்தார். வகுப்பிலேயே அதிகம் கேள்வி கேட்பவள் அவள்தான். ஒரு வாரமாக அவள் குரலே கேட்கவில்லை. அதை அவர் கவனிக்கவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் அவருக்கு உடம்பு கூசும்.

"வடக்கு எங்க இருக்கு தம்பி?" என்றார் டீச்சர்.

இது ஒரு கேள்வியா என்பது போலத் தேவசகாயம் கையைத் தூக்கிக் காட்டினார். விரல் கூரையைப் பார்த்து நின்றது.

டீச்சர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவசகாயம் மெல்லக் கையை இறக்கினார். முகமெல்லாம் சூடாகிவிட்டது.

டீச்சர் எழுந்து தேவசகாயத்தோடு ஒன்பதாம் வகுப்புக்குப் போனார். சுவரில் தொங்கிய ஆப்பிரிக்கப் படத்தைக் கழற்றித் தரையில் விரித்தார். நைல் போய் விழும் கடல் இருந்த பக்கத்தை வடக்கே, ரயில் பாதைப் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிள்ளைகளைச் சுற்றி உட்காரச் சொன்னார். எது மேடு, எது பள்ளம் என்று தேவசகாயத்தைச் சொல்ல வைத்தார். செண்பகவடிவு ஏரியில் விரலை வைத்து, ஆற்றோடு கடல் வரைக்கும் இழுத்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். தேவசகாயத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"தீர்ந்துது டீச்சர். அவளுக்குப் புரிஞ்சிட்டு."

"வாயைத் திறந்தாளா?"

"இல்ல."

டீச்சர் குனிந்து படத்தைச் சுருட்டினார். அவர் பக்கம் பார்க்காமலே கேட்டார்:

"நீங்களும் கூரையைத்தான் காட்டுனீங்கன்னு அவகிட்ட சொன்னீங்களா தம்பி?"