பவுலின் மோட்டாருக்குப் பெயிண்டு அடித்த கதை

உப்புத்தாளை நாலாக மடித்து வள்ளத்து மோட்டாரைத் தேய்த்துக்கொண்டிருந்த பவுலின், தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அக்கா, பயம் போக என்ன செய்யணும்?"

பெர்பெத்து கடுங்காப்பியை ஊதினாள்.

"அந்த இடுக்குல இன்னுங் கொஞ்சம் தேய்," என்றாள்.

பவுலின் இடுக்கில் தேய்த்தாள்.

பெர்பெத்து அவளைவிட வயதில் இளையவள். ஆனாலும் அந்தக் கரையில் எல்லாருக்கும் அவள் அக்காதான். புருஷன் கப்பலில் இருந்தான். இவள் கடற்கரை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு மோட்டார் பழுது பார்த்தாள். கொட்டகைக்கு மோட்டார் வருவதைவிட பொம்பளைகள் வருவதுதான் அதிகம்.

யார் என்ன குறை சொன்னாலும் பெர்பெத்து பதில் சொல்ல மாட்டாள். வேலை கொடுப்பாள்.

புருஷன் வாயே திறப்பதில்லை என்று ஒருத்தி அழுதுகொண்டு போனாள். துருப்பிடித்து இறுகிப்போன நட்டு ஒன்றைக் காட்டி, இதைக் கழட்டு என்றாள் பெர்பெத்து. வந்தவள் ஸ்பேனரைப் போட்டு முக்கினாள், முனகினாள், நட்டைத் திட்டினாள்.

"எதுக்கு மல்லுக்கட்டுற? எண்ணெய விட்டுட்டு வீட்டுக்குப் போ. நாளைக்கு வா."

மறுநாள் அது விரலுக்கே சுழன்றதாம். அந்தப் புருஷனும் அப்புறம் பேச ஆரம்பித்துவிட்டான். இப்போது நிறுத்தத்தான் மாட்டேன் என்கிறான் என்று அவள் மறுபடி வந்து குறை சொன்னதாகவும் கேள்வி.

பவுலின் தன் குறையைச் சொன்னபோது பெர்பெத்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஒங்க மோட்டாரு எங்க கெடக்கு?"

"வீட்டுலதான் அக்கா. காத்துக்காலம்லா? இவுக கடலுக்குப் போகல."

"பெயிண்டு அடி. நான் வந்து பாக்கேன்."

அப்படித்தான் மோட்டார் பின்வாசல் மரச்சட்டத்தில் ஏறியது. பழைய மோட்டார். பவுலின் புருஷன் அலோசியஸ் ஒரு கிழவரிடம் வாங்கியது. மூடி வெளுத்து, தண்ணீருக்குள் இறங்கும் கால் முழுக்கப் பெயிண்டு பொக்குப் பொக்காய் எழும்பி நின்றது.

"எல்லாத்தையும் உரிக்கணுமா அக்கா?"

"உரியிறத உரி. ஒட்டிக்கிட்டு இருக்கிறத எதுக்கு வம்புக்கு இழுக்க?"

பவுலினுக்குச் சிரிப்பு வந்தது. கொடியில் காய்ந்த பிள்ளைத்துணியெல்லாம் பெயிண்டுத் தூசி. உள்ளே தொட்டிலில் டெல்சி தூங்கினாள். பல் இன்னும் முளைக்காத பிள்ளை.

"அக்கா, நான் கேட்டது..."

"ஒங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னியா?"

பவுலின் கை நின்றது.

"ஐயோ! கடலுக்குப் போற மனுசன்ட்ட பயமாருக்குன்னு யாராவது சொல்லுவாகளா? மாமி காதுல விழுந்தா என்னைய வீட்டைவிட்டே பத்திருவாக."

அவள் மாமியார் வீட்டு வழக்கம் அது. மோட்டார் ஆம்பிளை தோளில் ஏறிவிட்டதா, பொம்பளை சிரித்த முகமாய் நிற்க வேண்டும். எங்கே என்று கேட்கக் கூடாது. எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூடாது. பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது.

பவுலின் நன்றாகச் சிரிப்பாள். மாமியே மெச்சுவாள். "எம் மருமவ மூஞ்சியப் பாத்துட்டுப் போனா வலை கிழியக் கிழிய மீனு," என்று தெருவில் சொல்வாள்.

அலோசியஸ் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு இருக்கும்.

அப்புறம் குழம்பில் இரண்டு தடவை உப்பு விழும். கோழி குறுக்கே வந்தால் கோழிக்கு ஏச்சு. மாமி நல்ல வார்த்தை சொன்னாலும் பவுலினுக்கு முள்ளாய்க் குத்தும். போன வருஷம் முகத்துவாரத்தில் பக்கத்து வீட்டு வள்ளம் கவிழ்ந்தது. ஆட்கள் நீந்திக் கரையேறிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அன்றைக்குப் பிடித்த பயம் இது.

போன மாதம், கடைசியாக அலோசியஸ் கடலுக்குப் போன அன்று, டெல்சியைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்தாள். கையை விட்டுப் பார்க்க மறந்துபோனாள். காதெல்லாம் கடலில் ஒரு மோட்டார் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தது. பிள்ளை வீலென்று கத்தியபோதுதான் தண்ணீரின் சூடு தெரிந்தது.

நல்லவேளை, காலில் கொஞ்சம் சிவந்ததோடு போயிற்று.

அதற்கு அப்புறம்தான் அவள் பெர்பெத்துவின் கொட்டகைக்குப் போனாள்.

"சொல்லல," என்றாள் இப்போது. "சொல்லவும் மாட்டேன். பயத்தையே போக்கிட்டா சொல்ல வேண்டாம்லா?"

பெர்பெத்து டம்ளரைக் கவிழ்த்து மிச்சக் காப்பியை மண்ணில் ஊற்றினாள்.

"நல்ல தண்ணியில கழுவு. காயட்டும்."

கழுவினாள். காய்ந்தது.

"பிரைமர் அடி. காயட்டும்."

அடித்தாள். காய்ந்தது.

"அக்கா, இன்னும் பயமாத்தான் இருக்கு."

"இன்னும் பெயிண்டு அடிக்கலியே."

பவுலினுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. அதிலும் அவள் கெட்டிக்காரி.

வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டு அரை டப்பா இருந்தது. பிரஷை எடுத்ததும் அவளுக்கு வேலை பிடித்துவிட்டது. மூடி வழவழவென்று ஆனது. கால் பளபளவென்று ஆனது. உப்பு எங்கேயும் தொடக் கூடாது என்று விரலில் துணி சுற்றி இண்டு இடுக்கெல்லாம் அடித்தாள்.

கீழே, தண்ணீருக்குள் சுழலும் விசிறிக்கு மேலே, ஒரு சாம்பல் நிறக் கட்டி இருந்தது. எலி கொறித்த பிஸ்கட் மாதிரி குழி குழியாய், பார்க்கவே அசிங்கம். பவுலின் குழிகளில் பட்டி பூசினாள். காயவைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். அதன்மேல் மூன்று கை பெயிண்டு அடித்தாள். மற்ற இடமெல்லாம் இரண்டு கைதான்.

சாயங்காலம் அலோசியஸ் வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான்.

"ஏ புள்ள, இது நம்ம மோட்டாரா? கல்யாண மாப்பிள்ளைல்லா நிக்கான்!"

"ஒங்களவிட நல்லாருக்கான்," என்றாள் பவுலின், மெல்லமாய்.

"கண்ணுபட்டுரும், மூடிப் போடுங்க," என்றாள் மாமி வாசற்படியிலிருந்து.

காற்று அடங்கிவிட்டது. மறுநாள் மத்தியானம் மோட்டாரை வள்ளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கடுத்த விடியலில் கடல்.

மறுநாள் பெர்பெத்து வந்தாள்.

மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றினாள். மூடியை விரலால் தொட்டாள்.

"நல்லா அடிச்சிருக்க."

பவுலினுக்கு முகம் மலர்ந்தது.

பெர்பெத்து குனிந்தாள். விசிறிக்கு மேலே பார்த்தாள். இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துச் சரக் சரக்கென்று சுரண்ட ஆரம்பித்தாள்.

"அக்கா! ஐயையோ, என்ன செய்யுதீக?"

சரக்.

"அதுக்குத்தான் அக்கா நான் ரொம்பப் பாடுபட்டேன்!"

"தெரியுது."

சரக்.

"அசிங்கமா இருந்துச்சுக்கா."

"அது அப்படித்தான் இருக்கணும்."

"அது என்னதுக்கா?"

"துத்தநாகக் கட்டி. கடலுக்குள்ள எறங்குனதும் உப்பு முதல்ல இதத்தான் திங்கும். இது கெடக்கிற வரைக்கும் மத்தத அவ்வளவாத் தொடாது. தின்னு தீந்தா வேற கட்டி மாட்டிக்கலாம்."

"மூடிட்டா?"

"மூடிட்டா உப்புக்குப் பசி போயிருமா?"

சரக்.

"காலத் திங்கும், தண்டத் திங்கும், விசிறியத் திங்கும். வெளிய ஒண்ணுந் தெரியாது. பெயிண்டு பளபளன்னு இருக்கும், பாக்கிறவன் எல்லாம் மெச்சுவான். ஒருநாளு கையோட வந்துரும்."

கத்தி நின்றது. பாதிக் கட்டி சாம்பலாய் வெளியே தெரிந்தது, மீதி நீலமாய்.

பவுலின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே டெல்சி தூக்கத்தில் சிணுங்கி அடங்கினாள்.

"அக்கா, நான் கேட்டதுக்கு நீங்க..."

பெர்பெத்து கத்தியைத் திருப்பி, பிடியை அவளிடம் நீட்டினாள்.

"மிச்சத்த நீ சுரண்டு."

சேலையில் கையைத் துடைத்தாள். கொட்டகையில் யாரோ காத்திருக்கிறார்கள் என்று போய்விட்டாள்.

பவுலின் உட்கார்ந்து சுரண்டினாள். பெயிண்டு சுருள் சுருளாய் விழுந்தது. குழிக்குள் இருந்த பட்டியைக் கத்தி நுனியால் நோண்டி எடுத்தாள்.

அவள் முடிக்கும்போது அலோசியஸ் வந்தான். தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துத் தோளில் மடித்துப் போட்டான். மோட்டாருக்குக் கீழே கையைக் கொடுத்தான்.

தோளில் ஏறிவிட்டால் அப்புறம் சிரிக்கத்தான் வேண்டும்.

"இருங்க," என்றாள் பவுலின்.

"என்ன?"

"ஒண்ணு சொல்லணும்."

"பெயிண்டு தீந்துட்டா? சாயங்காலம் வாங்கியாறேன். தள்ளு."

"பெயிண்டு இல்ல."

"பெறவு?"

அவள் கத்தியைத் தரையில் வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாயிருந்தது. மோட்டாரைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்குப் பயமாருக்கு."

"எதுக்கு?"

"நீங்க போறதுக்கு. ஒவ்வொரு நாளும். நீங்க தெருமுனை திரும்புனா எனக்குக் கையும் ஓட மாட்டேங்குது காலும் ஓட மாட்டேங்குது. புள்ளைக்குச் சுடுதண்ணி ஊத்திட்டேன். ஒங்கட்ட அடுப்புல சூடு பட்டுச்சுன்னு பொய் சொன்னேன்."

அலோசியஸ் கையை எடுத்துவிட்டான். மோட்டார் சட்டத்திலேயே இருந்தது.

அவன் திட்டுவான் என்று நினைத்தாள். மாமியைக் கூப்பிடுவான் என்று நினைத்தாள். போகிற நேரத்தில் இப்படியா பேசுவாய் என்று கேட்பான், அதற்கு என்ன சொல்வது என்றுகூட யோசித்தாள்.

அவன் கவிழ்த்துப் போட்டிருந்த மீன்கூடையில் உட்கார்ந்தான். துண்டால் முகத்தைத் துடைத்தான். வியர்வையே இல்லாத முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நீ சிரிச்சிக்கிட்டே நிப்பியே."

"ஆமா."

"தினமும்."

"ஆமா."

"நான் மட்டுந்தான்னு நெனச்சேன்."

பவுலின் நிமிர்ந்தாள்.

"என்னது நீங்க மட்டும்?"

"முகத்துவாரத்துல அலை மடங்குற எடம் வரும்லா? அங்கன எனக்கும் பயமாருக்கும். கடலுக்குப் போனவன் மவன், எனக்குப் பயமாருக்குன்னு யார்ட்ட சொல்ல? வள்ளத்துல சொன்னா சிரிப்பானுவ. வீட்டுக்கு வந்தா, நீ ஏதோ நான் கடைக்குப் போயிட்டு வந்த மாதிரி சோத்தப் போட்டுட்டு நிப்ப. இவளுக்கு ஒண்ணுமில்ல, நாமதான் இப்படிக் கெடக்கோம்னு..."

"எனக்கா ஒண்ணுமில்ல?"

"பெறவு? அப்படிச் சிரிச்சா யாருக்குத் தெரியும்?"

"நீங்களுந்தான் பாட்டுப் பாடிக்கிட்டே போவீக."

"பாட்டா? அது பல்லு தந்தியடிக்கிறது வெளிய கேக்கக் கூடாதுன்னு பாடுனது."

பவுலினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள். அது மாமி மெச்சுகிற சிரிப்பு இல்லை, மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வருகிற சிரிப்பு. அவனும் சிரித்தான். கொடியில் உட்கார்ந்திருந்த காக்கா பறந்துபோனது.

பயம் போய்விட்டதா என்று உள்ளே தொட்டுப் பார்த்தாள். போகவில்லை. அங்கேயேதான் இருந்தது.

ஆனால் பசித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு, பகலில், நன்றாகப் பசித்தது.

"அலை மடங்குற எடத்துல என்ன செய்வீக?" என்று கேட்டாள், அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து.

"வேகத்தக் கொறைச்சு ஒரு அலைய விடணும். அடுத்த அலையையும் விடணும். அப்புறம் ஒரு நேரம் வரும். அத எப்படிச் சொல்ல..."

"பவுலின்! ஏ பவுலின்!" உள்ளேயிருந்து மாமி. "புள்ள முழிச்சிட்டா! அங்கன என்ன கூத்து?"

முதல் குரலுக்கே எழுந்து ஓடுகிறவள் பவுலின். இன்றைக்கு முட்டியில் கையை ஊன்றியபடி பாதியில் நின்றாள்.

"இந்தா வந்துட்டேன் மாமி! ஏங்க, நீங்க அந்த ரெண்டாவது அலைய விட்ட பெறவு என்னன்னு சொல்லுங்க, நான் புள்ளையத் தூக்கிட்டு இங்கனயே வந்து கேக்கேன்."