எண் தெரியாத வாசகர்

குருவுக்கு நாற்பத்தொரு வயது. சீடருக்கு ஐம்பத்து நான்கு. அப்படி இருக்கக் கூடாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சிதம்பரநாதன் கேட்டிருக்க மாட்டார். காலமெல்லாம் கல்வி அலுவலகக் கோப்புகளோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்த மனிதரை ஒருநாள் திடீரென்று பள்ளி நூலகங்களுக்குப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். அப்போது கையைப் பிடித்து நடக்கக் கற்றுக்கொடுத்தவர், பெண்கள் பள்ளி நூலகர் இசக்கியம்மாள். அன்றிலிருந்து அவர்தான் குரு.

ஒரு நாள் மதியம் சிதம்பரநாதன் அந்த நூலகத்துக்குள் நுழைந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வியர்வை அடங்கவில்லை.

மாவட்டத்தில் புதிதாகப் பள்ளி நூலகர்களை நியமித்திருந்தார்கள். எல்லாருக்கும் ஓராண்டு ஒப்பந்தம். அவர்களுக்கு என்ன பயிற்சி தேவை என்று கண்டறிந்து சொல்வது சிதம்பரநாதனின் வேலை. அவரும் சிரத்தையாக ஒரு கேள்வித்தாள் தயாரித்து அனுப்பினார். நூல்களுக்கு எண் போடத் தெரியுமா, பதிவேடு எழுதத் தெரியுமா, கணினியில் ஏற்றத் தெரியுமா என்று கேட்டிருந்தார். எல்லாரும் எல்லாவற்றுக்கும் ‘தெரியும்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

எல்லாம் தெரிந்தவர்களுக்குப் பயிற்சி எதற்கு என்று மேலிடம் கேட்டது. மறுநாள் காலையில் கூட்டம். அதில் அவர் ஒழுங்காகப் பதில் சொல்லாவிட்டால் பயிற்சி ரத்து. வருடக் கடைசியில் எந்த நூலகத்துக்குப் பிள்ளைகள் வரவில்லையோ, அந்த நூலகருக்கு வேலையும் ரத்து.

“ஜெபமலர்னு ஒரு பொண்ணு,” என்றார் சிதம்பரநாதன். “போன்ல அழுதா. பிள்ளைங்க வருதுங்க, நிக்குதுங்க, போயிருதுங்க, ஏன்னு தெரியலை சார்ங்கிறா. ஆனா தாள்ல எல்லாத்துக்கும் தெரியும்னு எழுதியிருக்கா.”

பயத்தில் எல்லாரும் பொய் எழுதியிருக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. அதில் அவர்களைக் குற்றம் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தத்தில் இருப்பவள் தனக்குத் தெரியாது என்று எழுதிக்கொடுப்பாளா? அவரே எழுத மாட்டார்.

“அவங்களுக்கு என்ன தெரியாதுன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

இசக்கியம்மாள் டிபன் பாக்ஸை மூடினார்.

“ஜெபமலர் பள்ளிக்கூடம் எங்க இருக்கு?”

“பஸ்ல அரை மணி நேரம் ஆகும்.”

“அரைநாள் லீவு சொல்லிட்டு வர்றேன்.”

பேருந்தில் சிதம்பரநாதன் கூட்டத்தில் என்னென்ன கேட்பார்கள், தான் எப்படியெல்லாம் விழிக்க வேண்டியிருக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். குரு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். சீடருக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அவர்களைக் கண்டதும் ஜெபமலர் எழுந்தாள். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. இருபத்தைந்து வயது இருக்கும்.

அறை துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. அலமாரி நிறையப் புத்தகம். ஒவ்வொன்றுக்கும், ஜூன் மாதத்தில் பிள்ளைகள் நோட்டுக்குப் போடுவார்களே, அந்தப் பழுப்புத் தாளில் அட்டை. அட்டையில் ஒரு சீட்டு. சீட்டில் முத்து முத்தாக எண் மட்டும்.

புத்தகம் கிழிந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் வந்த முதல் மாதமே உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் அட்டை போட்டுவிட்டதாக ஜெபமலர் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது, பாவம்.

சிதம்பரநாதன் சோதித்தார். ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னார். ஜெபமலர் பதிவேட்டைப் புரட்டி எண்ணைப் பார்த்து, நேராகப் போய் அதை உருவிக்கொண்டு வந்தாள். இன்னொன்று கேட்டார். அதுவும் வந்தது. கணினியில் ஏற்றச் சொன்னார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் ஏற்றிவிட்டாள்.

அவள் பொய் எழுதவில்லை. ஒருவரும் பொய் எழுதியிருக்க மாட்டார்கள். அப்படியானால் நாளை போய் என்ன சொல்வது?

இடைவேளை மணி அடித்தது. இரண்டு சிறுமிகள் வாசலுக்கு வந்தார்கள். உள்ளே எட்டி அலமாரியை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவள் காதில் என்னவோ சொன்னாள். இருவரும் போய்விட்டார்கள்.

“இப்படித்தான் சார் தினமும்,” என்றாள் ஜெபமலர்.

இசக்கியம்மாள் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் குட்டை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சை இடித்தது. ஒரு பிள்ளை மாதிரி ஜெபமலரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“டீச்சர், எனக்கு ஒரு புக்கு வேணும்.”

இதுவும் சோதனைதான் என்று ஜெபமலருக்குப் புரிந்தது. நிமிர்ந்து நின்றாள்.

“நம்பர் என்ன?”

“தெரியாது.”

“புக்கு பேரு?”

“தெரியாது, டீச்சர்.”

“எழுதினவங்க யாரு?”

“தெரியாது.”

“சரி, எதைப் பத்தி வேணும்?”

“நேத்து எங்க நாய் செத்துப் போச்சு.”

ஜெபமலர் பதிவேட்டைப் புரட்டினாள். விலங்குகள் பகுதிக்குப் போனாள். ஒரு புத்தகத்தை எடுத்து வந்து நீட்டப்பட்டிருந்த கையில் வைத்தாள். நாய் வளர்க்கும் முறை பற்றிய புத்தகம். மிகச் சரியான எண்.

இசக்கியம்மாள் அதைப் பிரித்து ஒரு பக்கத்தைப் படித்தார். மூடித் திருப்பிக் கொடுத்தார்.

“இதுல நாய்க்கு என்ன சாப்பாடு குடுக்கணும்னு போட்டிருக்கு. எங்க நாய் இனிமே சாப்பிடாது, டீச்சர்.”

கை மறுபடியும் நீண்டது.

ஜெபமலர் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

“எனக்குத் தெரியலை, மேடம்.”

சிதம்பரநாதன் சட்டென்று பேனாவை எடுத்தார். இத்தனை நூலகர்களிடமும் தேடிக் கிடைக்காத வார்த்தை அது. கடைசியில் கிடைத்தே விட்டது. தன் கேள்வித்தாளில் அதை எந்தக் கேள்விக்கு நேரே எழுதலாம் என்று மேலிருந்து கீழே பார்த்தார். திரும்பவும் பார்த்தார். இடம் இல்லை.

“சார், நீங்க எடுத்துக் குடுங்க,” என்றார் இசக்கியம்மாள்.

“நானா?”

“நீங்கதான்.”

அவர் அலமாரி முன்னால் போய் நின்றார். மேல் தட்டு முழுக்கப் பழுப்பு. கீழ்த் தட்டும் பழுப்பு. ஒன்றை உருவினார், கணக்குப் புத்தகம். இன்னொன்றை உருவினார், சமையல். அடுத்ததை உருவக் கை நீளவில்லை. கதையா பாட்டா, சிரிக்க வைப்பதா அழ வைப்பதா, நாய் செத்துப்போன ஒரு பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. இந்த வயதில் தெரியாமல் நிற்பது வெட்கமாக இருந்தது.

“சார்,” என்றாள் ஜெபமலர் மெதுவாக. “நீங்க அனுப்பின தாள்ல இதைக் கேக்கவே இல்லையே.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன் என்பதுபோலத்தான் சொன்னாள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

வகுப்புக்கு மணி அடித்தது. அடுத்த பேருந்தை விட்டால் அப்புறம் இருட்டிய பிறகுதான். அறிக்கையில் இன்னும் ஒரு வரிகூட இல்லை. சிதம்பரநாதன் பேனாவும் கையுமாகக் குருவின் அருகில் வந்தார்.

“நாளைக்குக் கூட்டத்துல கேப்பாங்க. இந்தப் பயிற்சிக்கு என்ன பேரு சொல்றது?”

இசக்கியம்மாள் அந்தக் குட்டை பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

“பேரு நாளைக்கு வைக்கலாம் சார். நாய் செத்த பிள்ளை இன்னும் கை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு.”