அரை நிமிடத்தில் ஒரு நாள்

விருத்தாசலத்தில் ஒரு ஜவுளிக்கடை. அங்கே சேலை எடுத்துப் போடும் பெண்கள் காலையிலிருந்து ராத்திரிவரை நின்றே சாகவேண்டும். உட்கார முக்காலி கேட்டால், "வீட்டுக்குப் போய் உட்காரு" என்பார் முதலாளி குழந்தைவேலு.

கடைக்கு வீடியோ எடுக்கும் பொற்கொடியும் அவர்களில் ஒருத்திதான். அவளிடம் முதலாளி உறுமினார்: "கடையோட ஒரு நாள் முழுக்க வீடியோல வரணும். ஒண்ணையும் வெட்டக்கூடாது, அரை நிமிஷத்தைத் தாண்டவும் கூடாது. முடியலேன்னா வேலையை விட்டுப் போ."

"இன்ஸ்டாகிராம்ல ஸ்டோரியா, ரீல்ஸா முதலாளி? ஸ்டோரி மறுநாளே போயிடும்."

"ரீல்ஸ் போடு. ஊரே பார்க்கணும், அழியக்கூடாது."

பொற்கொடி போனை மூலையில் நிறுத்தி, கடை திறந்ததிலிருந்து மூடும்வரை டைம்லாப்ஸில் ஓடவிட்டாள். நாள் முழுவதும் அரை நிமிடமாகச் சுருங்கியது. கூட்டம் வந்தது, போனது. முதலாளி நாற்காலியில் சாய்வதும் எழுவதுமாக இருந்தார். பெண்கள் மட்டும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டே இருந்தார்கள்.

அந்த மகராசன் கண்ணில் பட்டது தன் முகம் மட்டும்தான். "ம், போடு" என்றார்.

ஊரே பார்த்தது. 'அந்தப் பிள்ளைங்க எப்பதான் உட்காருவாங்க?' என்று கமெண்ட் குவிந்தது.

"அழிடி அதை" என்று கத்தினார்.

"அழிச்சா ஏன்னு கேப்பாங்க முதலாளி. முக்காலி வாங்கிப் போடுங்க, இன்னொரு ரீல்ஸ் எடுக்கறேன். அதுலயும் ஒண்ணையும் வெட்டமாட்டேன்."