பெயரில் இரண்டு போர்

"நாளைக்கு எனக்குச் சாந்தின்னு பேர் வையுங்க அம்மா," என்றாள் குனில்லா.

வருசநாட்டு மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில் அது வழக்கம். ஒரு வருடம் தங்கியவர்களுக்குப் பௌர்ணமியன்று பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயர் வைப்பார்கள். குனில்லா ஸ்வீடனிலிருந்து வந்தவள். ஐம்பது வயதைத் தாண்டியவள். மடத்துச் சமையல்கட்டில் காய் நறுக்கி நறுக்கியே தமிழ் பேசக் கற்றுக்கொண்டவள்.

அங்கே யார் வாயிலும் அவள் பெயர் நேராக நுழையவில்லை. 'குனியில்லா' என்றுதான் கூப்பிட்டார்கள். "பேருதான் குனியில்லா. நாள் பூரா அருவாமனைக்கு முன்னாடி குனிஞ்சுல்ல கெடக்குது!" என்று கேலி வேறு. அவளும் சேர்ந்து சிரிப்பாள். இன்று அவள் சிரிக்கிற நிலையில் இல்லை.

மடத்தை நடத்திய அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இருக்குற பேருக்கு என்னத்தா கொறைச்சல்?"

"எங்க ஊர்ப் பழைய பாஷையில குன்னுன்னா போர்."

"சரி."

"ஹில்டுன்னாலும் போர்தான். ரெண்டையும் சேர்த்து குன்ஹில்டுன்னு வச்சாங்க. அது தேஞ்சு குனில்லா ஆச்சு."

அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "ஒரு போரு பத்தலையாக்கும் உங்க ஆளுகளுக்கு?"

குனில்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அவள் சிரிக்க வைப்பதற்காக அதைச் சொல்லவில்லை.

"எனக்கு ஒரு மக இருக்கா அம்மா. பேரு எலின். குடிக்கிறா. பாட்டிலைப் பிடுங்கினேன், கத்தினேன், உள்ள வச்சுக் கதவைப் பூட்டினேன். 'பேருக்கு ஏத்த மாதிரிதான் இருக்க, இனி என் வாசப்படி மிதிக்காதே'ன்னு சொல்லிட்டா. இனிமே யார்கூடவும் சண்டை வேண்டாம்னுதான் இங்க வந்துட்டேன்."

"இப்ப அந்தப் புள்ள எங்க?"

"எங்க ஊர் ஆஸ்பத்திரியில. ஈரல் கெட்டுப்போச்சாம். அவ சிநேகிதி போன் பண்ணினா."

"உன்னைய வரச் சொன்னாளா?"

"இல்ல."

அம்மா கீரைக்கட்டைக் கீழே வைத்தார்.

"எம் பேரு தெரியுமாத்தா உனக்கு?"

குனில்லா விழித்தாள். அவரை எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"போதும்பொண்ணு. வீட்டுல அஞ்சாவது பொட்டப்புள்ள நான். இனிமேப்பட்டுப் பொண்ணு குடுக்காத, போதும்னு சாமிகிட்டச் சொல்றதுக்கு வச்ச பேரு."

"ஐயோ! நீங்க மாத்திக்கலையா?"

"மாத்தத்தான் இங்க ஓடியாந்தேன். எங்க குரு அசையலை. சோறு போடுறப்பல்லாம் அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிட்டாரு. ஒரு நா எலையப் பாத்தேன். நெசமாவே போதும்னு இருந்துச்சு. பெறகு மாத்தத் தோணலை."

குனில்லா அந்தக் கீரைக்கட்டை எடுத்து ஆய ஆரம்பித்தாள்.

"உங்க பேர்ல அப்படி ஒண்ணு இருந்துச்சு அம்மா. என் பேர்ல தேடினாலும் போரைத் தவிர ஒண்ணும் கிடைக்காதே."

"இருக்கட்டும். யாருகூடன்னு அதுல இருக்கா?"

"இல்ல."

"யாருக்காகன்னு?"

குனில்லா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"தேனிக்கு மொத பஸ் எத்தனை மணிக்கு அம்மா?"