தவறே செய்யாதவர் கையில் கத்தி

நெல்லைத் தவிர வேறெதுவும் விளையாத செங்கழனி நாட்டை முன்னொரு காலத்தில் அதிர்வேல் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் போட்ட சட்டத்தை மாலையில் அவரே மறந்துவிடுவார். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்தான் பாவம்.

அவருடைய அமைச்சர் நல்லாண்டார் கட்டிய ஏரி மதகு இரண்டாவது தடவையும் உடைந்தது. மழைக்காலமோ நெருங்கிவிட்டது. மதகு நிற்காவிட்டால் ஏரியில் தண்ணீர் தங்காது, ஊரே பட்டினி கிடக்கும்.

“அரசே, முதல் தடவை அடிமண் அரித்தது. அடியைக் கெட்டிப்படுத்தினேன், பக்கக் கரை அரித்தது. இப்போது இரண்டும் தெரியும். இன்னொரு தடவை கட்டிப் பார்க்கிறேன்” என்றார் அமைச்சர்.

அமைச்சர் பதவிமேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த பிரபு சிகாமணி சிரித்தார். “மூன்றாவது மதகு மேலே உடையும். அதையும் கற்றுக்கொள்வார். நான் பிறந்ததிலிருந்து ஒரு தவறும் செய்ததில்லை, அரசே.”

உண்மைதான். மனிதர் எந்த வேலையும் செய்ததில்லை.

ராஜாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. “ஒரு வேலையில் தவறு செய்தவர் இனி அந்த வேலையைத் தொடக்கூடாது. இதுதான் சட்டம்” என்றார்.

“உத்தரவு” என்று கும்பிட்டுவிட்டுப் போனார் அமைச்சர்.

மறுநாள் காலை ராஜா சவரத்துக்கு உட்கார்ந்தார். கத்தியோடு வந்து நின்றவர் சிகாமணி.

“நாவிதர் எங்கே?”

“போன வருஷம் உங்கள் காதைக் கீறிவிட்டாரே, சட்டப்படி அவர் கத்தியைத் தொடக்கூடாது” என்றார் பக்கத்தில் நின்ற அமைச்சர். “சமையற்காரரும் ஒருநாள் உப்பை மறந்தவர். அதனால் சவரம் முடிந்ததும் பிரபுவே இட்லி அவிப்பார். அப்புறம் உங்களைப் பட்டத்து யானைமேல் ஏற்றி அவரே ஓட்டுவார்.”

அதற்குள் ராஜாவின் பாதி மீசை தரையில் கிடந்தது. கத்தி தொண்டைக்கு இறங்கியது.

“பிரபு, இதுவரை எத்தனை பேரைக் கீறியிருக்கிறீர்?” என்று ராஜா அசையாமல் கேட்டார்.

“ஒருவரையும் இல்லை, அரசே. கத்தியையே இன்றைக்குத்தான் பிடிக்கிறேன்.”

ராஜா எழுந்து ஓடியதில் நாற்காலி உருண்டது. தூணுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. “சட்டம் ரத்து. நாவிதரைக் கூப்பிடுங்கள். அமைச்சரே, நீர் போய் மதகைக் கட்டும்.”

மூன்றாவது மதகு அந்த வருஷத்து மழைக்கு அசையவேயில்லை. ஏரி தளும்பிய அன்று ராஜா மனம் நிறைந்து அமைச்சருக்கு முத்துமாலை போட்டார். பிறகு சிகாமணி பக்கம் திரும்பினார்.

“பிரபு, நீரும் ஒரு தவறு செய்துவிட்டீர். என்ன கற்றுக்கொண்டீர்?”

“மூக்குக்குக் கீழே மெதுவாக இழுக்க வேண்டும், அரசே.”

“நல்லது. மறுபடி முயற்சி செய்து பாரும். இந்தத் தடவை உம்முடைய மீசையில்” என்று ராஜா கத்தியை நீட்டினார்.

பிரபுவின் மீசை அந்த நாட்டிலேயே பெரியது.